மை, தண்ணீர், ஒரு குழுப்படம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பள்ளி ஆண்டு மலர் தயாரிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். படைப்புகளைத் திரட்டுவதும் பிழை திருத்துவதும் உங்களுக்குத் தெரிந்த வேலைகள். எனவே, அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நான் கற்றுக்கொண்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆப்செட் இயந்திரத்தில் மையைக் கூட்டுவதும் குறைப்பதும் எப்படி என்பதுதான் அது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மலர் கைக்கு வந்த அன்று, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைத் திறந்தபடியே என்னிடம் வந்தாள். 9-ஆம் பக்கத்தில் அவர்களுடைய வகுப்பின் குழுப்படம். வலது ஓரத்தில் நின்ற ஐந்தாறு பேருக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. முகம் முழுக்கக் கருப்பு. "சார், நான் இவ்வளவு கருப்பாவா இருக்கேன்?" என்று கேட்டாள். "இல்லம்மா, பிரஸ்ல மை கூடிப்போச்சு" என்றேன். அவள் நம்பவில்லை. "அப்ப அவங்க மட்டும் எப்படி சார் நல்லா இருக்காங்க?" என்று இடது பக்கத்தைக் காட்டினாள். என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஆண்டு குழுப்படம் எடுத்தபோது அவள் பின்வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

அந்த ஆண்டு மலரைச் சிவகாசியில் அச்சிட்டோம். பழைய மலரைக் கையோடு கொண்டுபோய், இயந்திரத்தை ஓட்டும் அண்ணாச்சியிடம் காட்டினேன். முப்பது ஆண்டுகளாக அதே வேலையில் இருப்பவர். படத்தைப் பார்த்துவிட்டு, "16-ஆம் பக்கத்துல என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். புரட்டினேன். கருப்புப் பின்னணியில், பக்கத்தின் இடது பாதி முழுக்க மேலிருந்து கீழ்வரை ஒரு ஜவுளிக்கடை விளம்பரம்.

ஒரு வெள்ளைத் தாளை மூன்று முறை மடித்தார். முதுகு இடப்பக்கமும் மூடிய மடிப்பு மேலேயும் இருக்கும்படி பிடித்து, ஓரங்களைத் தூக்கித் தூக்கி 1 முதல் 16 வரை எண் போட்டார். விரித்தால் 9-ம் 16-ம் தலைக்குத் தலை ஒட்டி, ஒரே பத்தியில் நிற்கின்றன. 9 தலைகீழாக இருப்பதால் அதன் வலது ஓரம், 16-இன் இடது பாதிக்கு நேராக வருகிறது.

ஆப்செட் இயந்திரத்தில் மைத் தொட்டியின் நீளத்துக்கும் வரிசையாகத் திருகுகள் இருக்கும். 'கீ' என்பார்கள். ஒவ்வொரு கீயும் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் அகலப் பட்டைக்கு மை விடும். தாள் ஓடும் திசையில் அந்தப் பட்டையில் எது இருந்தாலும் அதே மைதான். விளம்பரம் நன்றாகக் கருக்க வேண்டும் என்று கீயைத் திறந்தால், அதே பட்டையில் இருக்கும் முகங்களும் சேர்ந்து கருக்கும். அச்சுப் படம் என்பது சிறு சிறு புள்ளிகள். மை கூடினால் புள்ளிகள் பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கண்ணும் மூக்கும் அங்கேதான் மறைகின்றன.

"அந்த மெஷின்காரர் வேற என்ன செய்வார் சார்? விளம்பரம் வெளுத்தா காசு கொடுத்தவர் சண்டைக்கு வருவார். புள்ளைங்க வரமாட்டாங்க" என்றார் அண்ணாச்சி.

பிறகு எங்கள் தாள் ஓடத் தொடங்கியது. முதலில் வந்த தாள்களில் படம் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. "கொஞ்சம் மை கூட்டுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் தண்ணீரைக் குறைத்தார்.

இங்கே கொஞ்சம் அறிவியல் சொல்ல வேண்டும். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதை வைத்து ஜெர்மனியின் செனஃபெல்டர் 1790-களின் இறுதியில் கல்லச்சு முறையை உருவாக்கினார். ஆப்செட் அதன் வாரிசு. அலுமினியத் தகட்டில் எழுத்தும் படமும் உள்ள இடம் எண்ணெய் மையைப் பிடிக்கும். மற்ற இடம் தண்ணீரைப் பிடித்து மையைத் தள்ளிவிடும். தகட்டிலிருந்து மை ரப்பர் போர்வைக்குப் போய், அங்கிருந்து தாளுக்கு வரும். தண்ணீர் குறைந்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குப் படியும். கூடினால் தண்ணீர் மைக்குள்ளேயே கலந்து அச்சு வெளுக்கும். பார்ப்பவருக்கு மை போதவில்லை என்று தோன்றும். மையைக் கூட்டுவார். மை கூடியதும் தண்ணீர் இன்னும் வேண்டியிருக்கும். இப்படி இரண்டும் ஏறிக்கொண்டே போனால் கடைசியில் தாள் காயாது. ஒரு தாளின் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். அதனால் அண்ணாச்சி முதலில் அழுக்கு எட்டிப் பார்க்கும் வரை தண்ணீரைக் குறைத்தார். பிறகு ஒரு பொடி ஏற்றினார். படம் பாதி சரியாகிவிட்டது. அதற்குப் பிறகே கீயைத் தொட்டார், அதுவும் நூலளவு.

நான் உடனே அடுத்த தாளை உருவிப் பார்த்தேன். மாற்றமே இல்லை. "இன்னும் கொஞ்சம்" என்றேன். "அவசரப்படாதீங்க சார். இப்ப திருப்புன மை இன்னும் உருளையிலதான் இருக்கு." தொட்டியிலிருந்து தகடு வரை எத்தனையோ உருளைகள். அவற்றில் சில பக்கவாட்டிலும் அசைந்து பக்கத்துப் பட்டைக்கும் மையைப் பரப்பும். ஐம்பது தாளாவது ஓடினால்தான் திருப்பியதன் முழுப் பலன் தெரியும். அதற்குள் மறுபடி திருப்புகிறவர், பிறகு மறுபடி குறைக்க வேண்டியிருக்கும். அந்தத் தாளெல்லாம் கழிவு. இந்த இடத்தில் எனக்கு என் வகுப்பு ஞாபகம் வந்தது. அது வேறு கதை.

ஈரமாக இருக்கும்போது மை சற்றுக் கூடுதலாகவே தெரியும், காய்ந்ததும் மங்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல், தாளின் ஓரத்தில் சிறு கட்டங்களை அச்சிட்டு டென்சிட்டோமீட்டரால் அளக்கிறார்கள். அது காட்டும் எண் மடக்கை என்று தெரிந்தபோது எனக்கு மகிழ்ச்சி. 1 என்றால் விழுந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கு திரும்புகிறது. 2 என்றால் நூறில் ஒரு பங்கு. 0.3 கூடினால் திரும்பும் ஒளி ஏறத்தாழப் பாதியாகும். மடக்கை எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைச் சொல்லலாம். தொடக்கப் பள்ளியில் மெழுகு வண்ணக்குச்சியால் படம் வரைந்து மேலே நீர்வண்ணம் பூசினாலே போதும், மெழுகு நீரைத் தள்ளுவது தெரியும். பாடநூல் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நான்கு நிறப் புள்ளிகளும் தெரியும்.

பள்ளிக்குத் திரும்பியதும் தாள் மடிக்கும் வேலையை வகுப்பில் செய்ய வைத்தேன். அந்த மாணவியும் மடித்தாள், எண் போட்டாள், விரித்தாள். பழைய மலரை எடுத்து 9-ஐயும் 16-ஐயும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இந்தக் கடைக்காரராலதானா சார்?" என்றாள். "இல்லம்மா. அந்த விளம்பரத்தை அங்க வச்சது நான்தான்" என்றேன்.

ஆகவே மலர் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள். அச்சகத்துக்குப் பக்கங்களை அனுப்பும் முன் ஒரு தாளை மடித்து எண் போட்டுப் பாருங்கள். எந்தப் படம் எதனோடு ஒரே பட்டையில் வருகிறது என்று பாருங்கள். உங்கள் அச்சகம் பக்கங்களை வேறு விதமாக அடுக்கக்கூடும். கேட்டால் அவர்களே மடித்துக் காட்டுவார்கள். அடர்ந்த கருப்புக்கு நேராக முகங்களை வைக்காதீர்கள். முதல் தாள் ஓடும்போது முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் மையைக் கூட்டச் சொல்லாதீர்கள்.

எங்களுடைய இந்த ஆண்டு மலர் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. 9-ஆம் பக்கத்தில் குழுப்படம். 16-இல் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் எழுதிய விடுகதைகள்.