காவல் துப்பாக்கியைக் கழுவி வையுங்கள்

(வானொலி உரை)



ஆடிப் பட்டத்தில் விதைத்த சோளமும் மக்காச்சோளமும் கதிர் பிடிக்கிற நேரம் வந்துவிட்டால், கம்பம் பள்ளத்தாக்கில் மலையடிவாரப் புன்செய் வைத்திருப்பவர்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் போதும், மூன்று மாதப் பாடு காலையில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். இதனால்தான் சிலர் முறைப்படி உரிமம் வாங்கி, பயிர்க் காவலுக்கென்று வாயில் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி வைத்திருக்கிறார்கள்.

அண்மையில் வீரபாண்டியில் ஒரு கூட்டம் முடிந்து கிளம்பும்போது, பெரியவர் ஒருவர் வழிமறித்தார். "சார், புதுசா துப்பாக்கி வாங்கியிருக்கேன். தகரத்தைக் கட்டிவச்சு சுட்டுப் பாத்தேன். முதல் ரெண்டு வெடி சரியாப் போகுது. அப்புறம் எங்கேயோ போகுது. கம்பியும் உள்ளே இறங்க மாட்டேங்குது. கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்றார்.

"எதை வச்சுத் துடைக்கிறீங்க, அண்ணே?" என்று கேட்டேன்.

"மண்ணெண்ணெய்தான், சார்."

கோளாறு துப்பாக்கியில் இல்லை, துடைப்பதில்தான் இருக்கிறது. அவருக்குச் சொன்னதையும், ஆயுதப் படையில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

கருமருந்து முழுவதும் புகையாகப் போய்விடுவதில்லை. எரிந்த மருந்தின் எடையில் பாதிக்கும் மேல் வாயுவாகாமல் கரியாகவும் உப்பாகவும் மாறுகிறது, அதில் ஒரு பகுதி குழலிலேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு வெடிக்கும் இந்தக் கசடு குழலின் உட்சுவரில் படிந்து, வாய்க்காலில் வண்டல் சேர்ந்தால் வழி குறுகுவதுபோலக் குழலைக் குறுக்குகிறது. அதனால்தான் கம்பி சிக்குகிறது, குறியும் தப்புகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது உப்புச் சாடியை மூடாமல் வைத்த வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும். இந்தக் கசடும் அப்படித்தான். ஒரே ராத்திரியில் துரு ஏறத் தொடங்கிவிடும்.

மண்ணெண்ணெயில் உப்பு கரையுமா? கரையாது. தண்ணீரில்தான் கரையும். "இரும்பில் தண்ணீர் படலாமா?" என்று பயப்படாதீர்கள். தண்ணீர் படுவதால் கேடில்லை, அது காயாமல் நிற்பதால்தான் கேடு.

துடைக்கிற முறையைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

முதலில், குழலுக்குள் மருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, கம்பியை உள்ளே விடுங்கள். அது நிற்கிற இடத்தில் அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். கம்பி அடிவரை போயிருந்தால் குழல் காலி. குறைவாக நின்றிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதை நோண்டாதீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் சொல்லி அகற்றச் செய்யுங்கள். வாயில் வாய் வைத்து ஊதிப் பார்ப்பது கூடவே கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "போன வருஷத்துத் துப்பாக்கிதானே, காலியாத்தான் இருக்கும்" என்று எடுத்துத் துடைத்த ஒரு விவசாயிக்கு இரண்டு விரல் போனது. அந்தக் கையால் அவர் ஏர் பிடிக்கச் சிரமப்பட்டதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, காலி என்று உறுதியான பிறகு, கேப்பு மாட்டுகிற சிறு மூக்கைக் கழற்றிவிட்டு, கட்டையும் விசையும் நனையாதபடி வெந்நீரில் கொஞ்சம் சோப்பு கரைத்துக் குழலைக் கழுவுங்கள். கம்பி நுனியில் பழந்துணி சுற்றி மேலும் கீழும் இழுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். கடைசியில் நல்ல வெந்நீர் ஊற்றினால் இரும்பு சூடேறித் தானே சீக்கிரம் உலரும். மறுபடி உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். மூக்கின் துளையை மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள். இந்தத் துளை அடைத்தால் கேப்பு வெடிக்கும், மருந்து பற்றாது. அப்படி ஆனால் உடனே முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்க்காதீர்கள். தாமதமாகவும் வெடிக்கும். வாயை ஆளில்லாத பக்கமே வைத்து, இரண்டு நிமிஷமாவது பொறுங்கள்.

புதுத் துப்பாக்கிக்கும் இதே கழுவல் தேவை. துரு பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் பூசிய பசை உள்ளே இருக்கும். அதோடு மருந்து கெட்டித்தால் மருந்து நமத்துப் போகும். காவலுக்குப் போகும் முன் நீங்கள் பூசிய எண்ணெயையும் உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். தேர்தல் சமயத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து மாதக்கணக்கில் கழித்து வாங்குகிறவர்களும் வாங்கிய அன்றே சோதித்துக் கழுவ வேண்டும்.

மூன்றாவது, மருந்தின் அளவு. தயாரித்தவர் எழுதிக் கொடுத்த அளவுதான் அளவு. கண்ணளவு, கையளவு வேண்டாம். கெட்டித்தது அடிவரை இறங்கியதா என்று கம்பி அடையாளத்தை வைத்துப் பாருங்கள். நடுவில் காற்று இடைவெளி நின்றால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். தோட்டாவிலிருந்து பிரித்தெடுத்த புகையில்லா மருந்தை இதில் போடவே கூடாது. அந்த அழுத்தத்தை இந்தக் குழல் தாங்காது.

இவ்வளவு செய்தும் குறி ஓரளவுக்குத்தான் நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கிக்கென்றே தனி வேட்டைப் பருவம் உண்டு. அங்கே பெரும்பாலும் உட்புறம் சுருள் வரி வெட்டிய குழல். அந்த வரி குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும். நம் காவல் துப்பாக்கியோ வழவழப்பான குழல். ரவை விரிந்து பரவும். ராத்திரி இருட்டில் பன்றியைச் சுட்டால் அது சாகாது, காயம்பட்டுத் திரும்பும். காயம்பட்ட பன்றிக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. பரவிய ரவை அடுத்த காட்டில் காவல் இருக்கும் உங்கள் தம்பி மேலும் படலாம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நமக்கு வேட்டைப் பருவம் என்று ஒன்று கிடையாது. உரிமம் பயிர்க் காவலுக்குத்தான், வேட்டைக்கு அல்ல. காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். நாம் அல்ல.

அப்படியானால் துப்பாக்கி எதற்கு? உரிமத்தின் நிபந்தனைக்கு உட்பட்டு, சத்தம் போட்டு விரட்ட. அதற்கும் ரவை வேண்டியதில்லை. ரவை இல்லாத வெடியிலும் தீயும் அடைப்பும் பாயும் என்பதால், வானத்தைப் பார்த்தே சுடுங்கள். சத்தத்தை மட்டும் நம்பாமல் முள்வேலி, தகர டப்பா, முறைவைத்துக் காவல் எல்லாம் சேர்த்துச் செய்யுங்கள். மின்வேலியும் அவுட்டுக்காயும் வேண்டவே வேண்டாம். பன்றிக்கு வைத்ததில் பக்கத்துவீட்டுப் பிள்ளை மாட்டினால் பயிர் மிஞ்சி என்ன பயன்? பயிர் அழிந்தால் அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் மனுக் கொடுங்கள். இழப்பீடு கேட்க வழியிருக்கிறது.

குடகு மலையில் நடவு முடிந்த பிறகு, செப்டம்பரில், 'கைல்போத்' என்று ஒரு விழா எடுக்கிறார்கள். துப்பாக்கியைத் துடைத்து, நம் மாநில மலரான செங்காந்தளைச் சூட்டிப் பூசையில் வைக்கிறார்கள். ஒரு காலத்தில் அதன்பின் வேட்டை தொடங்கும். இன்று வேட்டை நின்றுவிட்டது, துடைத்து வைக்கிற வழக்கம் நிற்கவில்லை. அங்கே குடகர்களுக்கு உரிம விஷயத்தில் தனி விலக்கு உண்டு, நமக்கு அது கிடையாது. ஆனால் அந்த வழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாமே? நமக்குத்தான் ஆயுத பூஜை இருக்கிறதே! கலப்பையையும் மண்வெட்டியையும் கழுவிப் பொட்டு வைக்கிற அன்று, துப்பாக்கியையும் சோதித்துக் கழுவுங்கள். உரிமப் புத்தகத்தை எடுத்து, துப்பாக்கி எண்ணும் புதுப்பிக்க வேண்டிய தேதியும் சரிதானா என்று பாருங்கள். பிறகு மருந்து வேறு, துப்பாக்கி வேறாகப் பூட்டி, சாவியை உங்கள் இடுப்பிலேயே வையுங்கள்.

வீரபாண்டிப் பெரியவர் மறுவாரம் வந்தார். "வெந்நீர் ஊத்தினேன் சார், மசி மாதிரி கறுப்பா வந்துச்சு. இப்ப கம்பி வழுக்கிக்கிட்டு இறங்குது" என்றார். "சந்தோஷம் அண்ணே, இனி ரவையை எடுத்து வச்சிடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.