வேர் குடிக்காத நீர்

இன்று பட்டம் பெறும் வேளாண் பொறியியல் மாணவ மாணவியரே! புறப்படப் போகிறவர்களை நெடுநேரம் நிறுத்தி வைப்பது முறையன்று. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உத்தியோகத்தில் சேர்ந்த சில ஆண்டுகளுக்குள், பயிற்சிக்காக ஆஸ்திரேலியாவின் மர்ரே நதிக்கரையில், ரென்மார்க் என்னும் ஊரை அடுத்த ஆரஞ்சுத் தோட்டங்களில் சில மாதங்கள் தங்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கனடாவில் பிறந்து, கலிபோர்னியாவில் பாசனக் குடியிருப்புகளை அமைத்துப் பெயர்பெற்ற சாஃபி சகோதரர்கள் 1887-இல் அங்கே வந்து, யந்திரங்களால் ஆற்று நீரை மேட்டுக்கு ஏற்றிப் பாய்ச்சத் தொடங்கியதிலிருந்து, வறண்ட புதர்க்காடாகக் கிடந்த பிரதேசம் திராட்சையும் ஆரஞ்சும் செழிக்கும் சோலையாயிற்று. ஆனால் அந்தச் சோலையின் கீழே, பல்லாயிரம் ஆண்டுகளாக மழையோடும் காற்றோடும் வந்து சேர்ந்த உப்பெல்லாம் நிலத்தடி நீரில் திரண்டு, சிற்சில இடங்களில் கடல்நீரையொத்த கரிப்போடு உறங்கிக்கொண்டிருந்தது. ஆழ வேரோடிய காட்டுச் செடிகள் பெய்த மழையையெல்லாம் குடித்துவிட்ட காலத்தில் அதற்குச் சலனமில்லை. பாத்தியில் பாய்ச்சிய நீரில் வேர் குடித்தது போக எஞ்சியது கீழே இறங்கி, அந்த உப்பு நீரின்மேல் குன்றுபோல் குவிந்து அழுத்தியபோது, பள்ளமான இடம் ஆறு ஒன்றே ஆதலால், உப்பு ஆற்றை நோக்கி நகர்ந்தது. மேலே ஒருவர் தேவைக்கு அதிகமாகப் பாய்ச்சிய நீர், கீழே மற்றொருவரின் பயிருக்கும், கடைக்கோடியில் அடிலெய்ட் நகரத்தாரின் குவளைக்கும் கரிப்பாகப் போய்ச் சேர்ந்தது.

இதை எனக்குப் புத்தகம் கற்பிக்கவில்லை. ஒரு முதிய தோட்டக்காரர் கற்பித்தார். அவருடைய மரவரிசைகளுக்கிடையே, இரண்டு ஆள் ஆழத்துக்குத் துளையிட்ட குழாய் ஒன்று புதைக்கப்பட்டிருந்தது. கட்டைவிரல் பருமனுள்ள, அடிப்புறம் குடைந்த பித்தளைக் குண்டொன்றை அளவுநாடாவின் நுனியில் கட்டி அதற்குள் இறக்குவார். குண்டு நீரைத் தொட்டதும் 'பொளக்' என்று ஒரு சப்தம் கேட்கும். உடனே நாடாவைப் பிடித்து ஆழத்தைப் படித்துக் குறிப்பேட்டில் எழுதுவார். ஒரு நாள் காலையில் சப்தம் மூன்றடியிலேயே கேட்டது. வேர்களின் காலடியில் தண்ணீர் நிற்கிறது, இனி ஒரு சொட்டும் வேண்டியதில்லை என்பது எனக்குக்கூட விளங்கிவிட்டது. ஆயினும் அன்று மத்தியானம் அவர் மடையைத் திறந்து தோட்டம் முழுவதும் நீர் பாய்ச்சினார். நான் திகைத்துக் காரணம் கேட்டேன். இன்று தம்முடைய முறை. இதை விட்டால் அடுத்த முறைக்குச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் வெயில் கொளுத்தினால் காய்களெல்லாம் உதிர்ந்துபோகும் என்று அமைதியாகச் சொன்னார். அறியாமையாலோ பேராசையாலோ அவர் அதிகம் பாய்ச்சவில்லை. தண்ணீர் வேண்டும்போது வரும் என்ற நம்பிக்கையை அந்த வாய்க்கால் அவருக்கு அளிக்கவில்லை.

நண்பர்களே, என் முப்பத்தைந்து ஆண்டு அனுபவமும் அந்த மத்தியானத்தின் விரிவுரைதான். விவசாயி நீரை வீணாக்குகிறார் என்று நகரத்திலிருந்து குற்றம் சாட்டுவது சுலபம். ஆனால் வீணடிப்பின் பெரும்பகுதி, நீர் கொண்டுவரும் முறையில் நம்மைப் போன்ற பொறியாளர்கள் விட்டுவைத்த குறையிலிருந்தே பிறக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். மர்ரே கரையில் திறந்த வாய்க்கால்களுக்குப் பதிலாக அழுத்தக் குழாய்கள் பதிக்கப்பட்டு, கேட்ட நாளில் கேட்ட அளவு நீர் கிடைக்கத் தொடங்கிய பிறகே, சொட்டுநீரும் மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகளும் பயன் தந்தன. ஆஸ்திரேலிய மத்திய அரசும் மூன்று மாநிலங்களும் 1988-இல் வகுத்த திட்டத்தில், மார்கன் என்னும் ஊரில் ஆற்றுநீரின் உப்பளவு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு காலம், 800 மின்கடத்து அலகுக்குள் இருக்க வேண்டுமென்று குறித்துக்கொண்டார்கள். லிட்டருக்கு ஏறத்தாழ அரை கிராம் உப்பு என்று கொள்ளலாம். கரையோரக் கிணறுகளால் உப்பு நீரை இறைத்து, தொலைவிலுள்ள ஆவியாக்கும் குளங்களுக்கு அனுப்பி, ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன் உப்பு ஆற்றில் சேராமல் தடுக்கிறார்கள். அது போற்றத்தக்க காரியமே. எனினும் நோய் வந்தபின் செய்யும் சிகிச்சை அது.

அப்படியானால் ஒரு சொட்டும் கீழே இறங்காமல் பாய்ச்சிவிடலாமே என்று உங்களில் ஒருவருக்குத் தோன்றலாம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்புள்ள நல்ல நீரை, ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஒரு கோடி லிட்டர் பாய்ச்சினால், 3 டன் உப்பை நாமே அந்த நிலத்தில் கொட்டியவர்களாகிறோம். மரம் நீரைக் குடித்து உப்பை விட்டுவிடும். அதைக் கழுவ மழை போதாத இடத்தில், அளவறிந்து சிறிது நீரை இறக்கத்தான் வேண்டும். இறங்கிய நீருக்கு வடிகாலும் வேண்டும். நான் மாணவனாயிருந்த காலத்தில் வடிகாலைப் பற்றிய அத்தியாயம் பாடப்புத்தகத்தின் கடைசியில் இருந்தது. பரீட்சை நெருங்கிவிட்டதால் ஆண்டுதோறும் அதை நடத்தாமலே விட்டுவிடுவார்கள். நாங்களும் மகிழ்ந்து விடுதிக்கு ஓடினோம். பிற்காலத்தில் நான் பார்த்த உவர்நிலம் ஒவ்வொன்றிலும் அந்தப் படிக்காத அத்தியாயம் என் நினைவுக்கு வந்து என்னை வருத்தியது. உங்கள் பாடத்திட்டத்தில் அது மூன்றாம் பருவத்திலேயே இருப்பதைக் கேட்டு உண்மையிலேயே சந்தோஷமடைந்தேன்.

பல ஆண்டுகள் கழித்து அந்த முதியவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. குழாய் வந்துவிட்டதென்றும், தம் வாழ்நாளில் முதன்முறையாக அந்த வாரம் தண்ணீர் வேண்டாமென்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தார். கூடவே அனுப்பிய அந்தப் பித்தளைக் குண்டையும் நாடாவையும் உங்கள் மண் நீர்ச் சோதனைச் சாலைக்காகக் கொண்டுவந்திருக்கிறேன். நாடாவின் முதல் இரண்டடி அறுந்துபோயிற்று; படித்த எண்ணிலிருந்து இரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள்.