முதல் ஆட்டத்துக்குக் கூட்டிப் போங்கள்



எங்கட ஊர் நீர்வேலி. யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியிலே உள்ள வாழைத்தோட்டக் கிராமம். அங்கே பெரியவர்களிடம் முதன்முதல் பார்த்த உதைபந்தாட்டத்தைப் பற்றிக் கேட்டால், எத்தனை கோல் என்பது பலருக்கு ஞாபகமில்லை. அப்பாவின் சைக்கிள் பாரில் குந்தி யாழ். துரையப்பா விளையாட்டரங்குக்குப் போனதும், அவர் கச்சான் வாங்கித் தந்ததும் மறக்கவில்லை.

போர்க்காலப் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. 1995 இல் கொழும்பில் இலங்கை அணி இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தது. அதைப் பார்க்க எங்கட பக்கத்திலிருந்து எத்தனை பேரால் போக முடிந்தது? அதே ஆண்டு ஒக்டோபரில் வலிகாமமே வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டது. துரையப்பா அரங்கு திருத்தப்பட்டு 2016 ஜூனில் திரும்பத் திறந்தது. இப்போது எங்கட ஆட்கள் பிள்ளைகளோடு போகிறார்கள்.

கொழுந்து, நிறுவை, லயத்து வேலை என்று உங்களுக்கு ஓய்வு குறைவுதான். என்றாலும் தோட்டத்து மைதானத்தில் ஆட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை, தவறணைப் பக்கம் திரும்பாமல் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். பெண்பிள்ளைகளையும் விட்டுவிட வேண்டாம். அதற்குக் காசு தேவையில்லை. உங்கட ஒரு பின்னேரம் போதும்.