வீட்டு முற்றமும் தோட்டக்காரரும்



தோட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பால்மரமும் செம்பனையும்தான். இன்று நாம் பேசப்போவது அந்தத் தோட்டத்தைப் பற்றி அல்ல. நம் வீட்டின் முன்னும் பின்னும் கிடக்கும் சிறிய மண்ணைப் பற்றி.

லயத்தை விட்டுத் தாமான்களில் குடியேறிய குடும்பங்கள் பல. சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீட்டைச் சரிசெய்த பின், முற்றத்தையும் ஒழுங்குபடுத்த விரும்புகிறோம். பிறர் நிலத்தில் ஆயுள் முழுவதும் புல் வெட்டிய கைகளுக்கு இந்த ஆசை நியாயமானதே. ஆனால் வயதும் முதுகுவலியும் இடம் தராதபோது, வேலைக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. கையிலுள்ள பணமோ திரும்பச் சம்பாதிக்க முடியாத பணம். ஆகவே யோசித்துச் செலவிட வேண்டும்.

முதலில், நமக்கு என்ன வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வோம். நல்ல மழை பெய்யும்போது வாசலில் நின்று பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது? சுவரை நோக்கி ஓடுகிறதா, கால்வாயை நோக்கி ஓடுகிறதா? காலை வெயில் எந்தப் பக்கம் விழுகிறது? பிள்ளைகள் விளையாட இடம் வேண்டுமா? மல்லிகையும் செம்பருத்தியும் போதுமா, கறிவேப்பிலையும் முருங்கையும் வேண்டுமா? இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், வருகிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியிராது.

எஸ்டேட் குடியிருப்பில் வசிப்போருக்கு ஒரு சொல். அங்கே நிலம் நிர்வாகத்துக்கு உரியது. வேலி போடவோ, சிமெண்டு கொட்டவோ, மரம் வெட்டவோ முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

அடுத்து, ஆளை எங்கே தேடுவது? நாம் வாழும் பகுதியிலேயே தேடலாம். மாலையில் தாமானைச் சுற்றி நடந்து வாருங்கள். முற்றம் அழகாக இருக்கும் வீட்டாரிடம், "இதை யார் செய்தார்?" என்று கேளுங்கள். சென்ற வாரம் போட்ட புல் எல்லா வீட்டிலும் பச்சையாகத்தான் இருக்கும். ஆறு மாதத்துக்கு முன் போட்டது எப்படி இருக்கிறது என்பதே கேள்வி. செடி பட்டுப்போனபோது அவர் திரும்ப வந்தாரா என்றும் விசாரியுங்கள். நாற்றுப்பண்ணைக்காரர்களுக்கும் இப்படிப்பட்டவர்களைத் தெரிந்திருக்கும்.

இரண்டு மூன்று பேரை வரவழைத்து இடத்தைக் காட்டுங்கள். இடத்தைப் பார்க்காமல் தொலைபேசியிலேயே விலை சொல்பவரை நம்ப வேண்டாம். எல்லாரிடமும் ஒரே வேலையைச் சொல்லி விலை கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

இங்கே கொஞ்சம் கணக்கும் வேண்டும். உங்கள் முற்றம் 20 அடி நீளம், 15 அடி அகலம் என்று கொள்வோம். பரப்பு 300 சதுர அடி. அதில் 2 அங்குல உயரத்துக்கு நல்ல மண் போட 50 கன அடி மண் தேவை. இந்தக் கணக்கை ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுங்கள், போட்டுத் தருவான். அளவு தெரிந்த வீட்டாரிடம் யாரும் கூட்டிச் சொல்லத் தயங்குவார்கள்.

மிகக் குறைந்த விலையும் நல்ல விலை அல்ல. நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டு முதல் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு இது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு ஆகிறது. இரண்டு பேர் இரண்டு நாள் உழைத்தால் கூலி மட்டுமே 260 வெள்ளிக்கு மேல். மண், புல், செடி, லோரி வாடகை எல்லாம் தனி. எல்லாம் சேர்த்து 200 வெள்ளி என்று ஒருவர் சொன்னால், எங்கோ குறை வைக்கப்போகிறார். அல்லது உடன் வரும் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கப்போகிறார். கூலியின் அருமை நமக்குத் தெரியாததா?

விலை பேசியதும் எழுதி வாங்குங்கள். என்ன வேலை, எத்தனை செடி, எவ்வளவு மண், எத்தனை நாள், வெட்டிய குப்பையை யார் அகற்றுவது, ஒரு மாதத்துக்குள் செடி பட்டால் யார் மாற்றுவது என அனைத்தும் தாளில் இருக்கட்டும். தொழில் பதிவு உள்ளவரானால் பதிவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் கையொப்பமிடுங்கள். இது சந்தேகம் அல்ல. இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். மொத்தம் 1,000 வெள்ளி என்றால், பொருள் வாங்க 300, பாதி வேலையில் 300, முடிந்ததும் 400 என்று பேசிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள். வேலை ஒழுங்காக முடிந்தால், மீதியை அன்றே கொடுத்துவிடுங்கள். நாளை வா, மறுநாள் வா என்று உழைத்தவரை அலையவிடுவது நமக்கு அழகல்ல.

வேலை நடக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். மண் மேடு வீட்டுச் சுவரிலிருந்து கால்வாய்ப் பக்கம் சரிந்திருக்க வேண்டும். களைக்கொல்லி அடிக்க வந்தால் என்ன மருந்து என்று கேளுங்கள். தோட்டங்களில் நம் பெண்கள் முதுகில் சுமந்து தெளித்த பாராகுவாட், 2020 ஜனவரி முதல் நாள் தொட்டு இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. மிச்ச மருந்து இருக்கிறதே என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்றாவது, தண்ணீர் தேங்கும் சட்டிகளையும் வாளிகளையும் விட்டுப்போகக் கூடாது. ஏடிஸ் கொசு ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து வளர்ந்து பறக்கத் தொடங்கிவிடும். கொசு பெருக விட்டால், 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை வீட்டில் குடியிருப்பவரைத்தான் தேடி வரும்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டால், வாய்ச்சண்டை வேண்டாம். மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 5 வெள்ளிக் கட்டணத்தில், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் கொண்டு போகலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதி வாங்கிய தாளும் ரசீதும் அங்கே உங்களுக்காகப் பேசும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள். பள்ளியில் கற்ற எழுத்தும் கணக்கும் வீட்டுக்குப் பயன்படுவதை அவர்களும் நேரில் காணட்டும்.