பாலுக்குள் ஒரு காவல்

(சுங்கைப் பட்டாணியில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



பெயர்ப்பதிவும் பால் நிறுவையும் எழுதும் கிராணிக்கு விஞ்ஞானத்தில் என்ன வேலை என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. காரணம் உண்டு. சென்ற மழைக்காலத்தில் நம் வட்டாரத் தோட்டமொன்றில் வெட்டுப்பட்டையில் கருங்கோடு விழுந்தது. "ஆழமாக வெட்டிக் காயப்படுத்தினீர்கள்" என்று பழி முழுவதையும் மரம் வெட்டுகிறவர்கள் தலையில் போட்டார்கள். அதற்குப் பதில் தேடித்தான் படித்தேன்.

விடியலில் வெட்டிய மரத்தில் சில மணி நேரத்தில் பால் நின்றுவிடுகிறதே, ஏன்? பாலில் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகள் மிதக்கின்றன. லூட்டாய்டு என்பது அவற்றின் பெயர். காயம் பட்டதும் அவை உடைகின்றன. உள்ளிருந்து ஹெவீன் என்னும் சிறு புரதம் வெளிவந்து ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது, வெட்டுவாய் அடைபடுகிறது. 1960ஆம் ஆண்டில் ஆர்ச்சர் என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பளிங்காகப் பிரித்தெடுத்ததை வெளியிட்டார். 43 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சரடுதான்.

1991இல் மற்றோர் உண்மை வெளியாயிற்று. பூஞ்சக்காளானின் சுவரில் கைட்டின் என்ற பொருள் உண்டு. நண்டு, இறால் ஓட்டில் இருப்பதும் அதுவே. ஹெவீன் அந்தக் கைட்டினைப் பற்றிக்கொண்டு காளான் இழைகளை வளரவிடாமல் தடுக்கிறது. கைட்டினை அறுக்கும் நொதியும் பாலிலேயே இருக்கிறது. நாம் மங்கில் ஏந்துவது மரம் தனக்கென்று வைத்திருக்கும் மருந்து, தோழர்களே!

அப்படியானால் கருங்கோடு ஏன் விழுகிறது? அதை உண்டாக்கும் பைட்டோப்தோரா, பார்வைக்குக் காளான் போலிருந்தாலும் உண்மைக் காளான் அன்று. அதன் சுவர் பெரும்பாலும் குளுக்கனும் செல்லுலோசும். ஹெவீன் பிடிப்பதற்குக் கைட்டின் அங்கே கிடைப்பதில்லை. பூட்டுக்குப் பொருந்தாத சாவி! அதன் வித்துகளோ மழைநீரில் நீந்தி வருபவை.

மரக்கட்டை வரை உளியை இறக்கினால் பட்டை கெடும். அது நம் பொறுப்பு, மறுக்கவில்லை. ஈரப்பட்டையில் வெட்டச் சொன்னதும், வெட்டியபின் பூச மருந்து தராததும் யார் பொறுப்பு?

அடுத்த மழைக்கு முன் மருந்தும், பூசுகிறவர்க்குக் கையுறையும், பூசும் நேரத்துக்குக் கூலியும் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். (கையுறை என்றதும் நினைவு வருகிறது: ரப்பர் கையுறை சிலருக்குத் தடிப்பும் மூச்சிரைப்பும் தருவதற்கு இதே ஹெவீனும் ஒரு காரணம். அத்தகையவர்க்கு வேறு வகை கேட்டிருக்கிறேன்.) மனு மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள்.