சட்டை பேசியது, நான் பேசவில்லை



பெயர் பெற்ற முத்திரை ஆடைகள் நமக்கு மதிப்பைத் தருகின்றனவா அல்லது அவை வெறும் பகட்டுதானா? இதுதான் இன்றைய தலைப்பு. மதிப்பு தருமோ தராதோ, முன்பின் தெரியாதவரையும் அவை நம்மிடம் பேச வைக்கும். அதை மட்டும் என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

நம் நகரங்களில் எல்.ஆர்.டி. ரயிலில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. ஆனால், மென்செஸ்டர் யுனைடெட் ஜெர்சியோடு மாமாக் உணவகத்தில் உட்கார்ந்து பாருங்கள். லிவர்பூல் ரசிகர் ஒருவர் பக்கத்து மேசையில் இருந்தே வம்புக்கு இழுப்பார். தே தாரேக் வருவதற்குள் இருவரும் நண்பர்கள் ஆகிவிடுவீர்கள்.

2010 டிசம்பர் 26. ஏ.எஃப்.எஃப். சுசுகி கிண்ண இறுதியாட்டத்தின் முதல் சுற்றில், புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியாவும் இந்தோனேசியாவும் மோதின. நான் அப்போது பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துக் கொண்டிருந்தேன். பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தில், நைக்கி சின்னம் பொறித்த தேசிய ஜெர்சி ஒன்றை வாங்கி அணிந்திருந்தேன். பாசார் மாலாம் சரக்கு இல்லை, அசல் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

ரயிலில் எதிரே இருந்த மலாய்ப் பெரியவர் ஜெர்சியைப் பார்த்துப் புன்னகைத்தார். "டிக்கெட் கிடைத்துவிட்டதா?" என்று மலாயில் கேட்டார். பேச்சு தொடங்கியது. சற்று நேரத்தில், "ஆறுமுகத்தின் ஆட்டத்தை உன் அப்பா பார்த்திருப்பாரே?" என்றார்.

"எந்த ஆறுமுகம் பாக்சிக்?" என்று கேட்டேன்.

"ஸ்பைடர்மேன்" என்றார். ஏதோ வேடிக்கை செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக் கொண்டார். அத்தோடு பேச்சு முடிந்தது.

அன்று மலேசியா 3-0 என்று வென்றது. வீடு திரும்பியதும் அப்பாவிடம் கேட்டேன். கிள்ளான் துறைமுகத்தில் பிறந்த ஆர். ஆறுமுகம், நம் தேசிய அணியின் கோல்காவலர். நீண்ட கைகளால் பந்தை மடக்கிப் பிடித்ததால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் பெற்றவர். 1980இல் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியில் இருந்தவர். ஆப்கானிஸ்தான் மீதான சோவியத் படையெடுப்பைக் கண்டித்து மலேசியா அந்தப் போட்டியைப் புறக்கணித்ததால், அவர்கள் போகவில்லை. 1988இல் அவர் சாலை விபத்தில் மறைந்தார். இதையெல்லாம் அப்பா பலமுறை சொல்லியிருக்கிறாராம். நான்தான் காது கொடுக்கவில்லை.

மூன்று நாள் கழித்து, ஜாகார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும், மொத்தத்தில் 4-2 என்ற கோல் கணக்கில் நாம் முதன்முறையாக அக்கிண்ணத்தை வென்றோம். பயிற்றுநர் கே. ராஜகோபால். நாடே கொண்டாடியது. எனக்கு மட்டும் அந்தப் பெரியவரின் முகம் நினைவில் உறுத்திக் கொண்டே இருந்தது. ஒரு மலாய்க்காரர் நம் தமிழ் வீரரை நெஞ்சில் வைத்திருந்தார். தமிழனான எனக்கோ, சட்டையின் விலை தெரிந்த அளவுக்கு அதன் வரலாறு தெரியவில்லை.

இளைஞர்களே, முத்திரை ஆடை அணியாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கடன் வாங்கி அணிய வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். எங்கே வாங்கினீர்கள், என்ன விலை, அசல்தானா? விலையை மட்டும் நம்பிய ஆடை இந்த மூன்று கேள்விகளைத்தான் கொண்டுவரும். நான்காவது கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். சே குவேராவின் முகம் பதித்த டி-சட்டை அணிபவரிடம், "இவர் யார்?" என்று ஒரு சிறுவன் கேட்டால் என்ன சொல்வார்?

பெற்றோர்களே, "இந்தச் சட்டைக்கு இவ்வளவு காசா?" என்று கடிந்து கொள்வதோடு நிறுத்திவிடாதீர்கள். அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2016இல் அந்த 1980ஆம் ஆண்டு அணியின் பாதிப்பில் உருவான 'ஓலா போலா' திரைப்படம் வெளிவந்தது. நிறம் மங்கிய அதே ஜெர்சியோடு பார்க்கப் போனேன். படம் முடிந்து வெளியே வந்தபோது, சீன இளைஞர் ஒருவர் ஜெர்சியைப் பார்த்துவிட்டு, "அந்தக் கோல்காவலர் முத்து, உண்மையில் இருந்தவரா?" என்று கேட்டார்.

இம்முறை நான் சிரிக்கவில்லை. கார் நிறுத்துமிடம் வரை ஆறுமுகத்தைப் பற்றிப் பேசிக் கொண்டே நடந்தோம்.

அந்தப் பெரியவரை அதன்பின் நான் பார்க்கவில்லை. பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.