செவிலியர் ஊதியம்: ஆண்டுகளும் பொறுப்பும்

பதிவு பெற்ற செவிலியரின் ஊதியம் குறைவு என்பது நெடுநாளைய முறையீடு. அது எல்லாருக்கும் ஒரே அளவில் பொருந்துவதன்று. மத்திய அரசு மருத்துவமனையில் புதிதாகச் சேரும் ஒருவரின் தொடக்க ஊதியத்தை, சிறிய தனியார் மருத்துவமனையில் பல்லாண்டு உழைத்தவரும் எட்டாதிருப்பதுண்டு. ஆயினும் அரசுப் பணியிலேயே ஆராயத்தக்க ஒரு குறை இருக்கிறது. அங்கு ஊதியம் ஆண்டுகளைப் பின்பற்றி உயர்கிறது. பொறுப்பை அது பெரும்பாலும் கருதுவதில்லை.

7ஆவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையில் செவிலியருக்கு ஆறு படிகள் அமைந்தன. செவிலிய அலுவலரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.44,900, முதுநிலைச் செவிலிய அலுவலருக்கு ரூ.47,600. அதன் பின் உதவிக் கண்காணிப்பாளர், துணைக் கண்காணிப்பாளர், கண்காணிப்பாளர் ஆகிய படிகளைக் கடந்து, தலைமைச் செவிலிய அலுவலருக்கு ரூ.78,800. அகவிலைப்படி முதலியன இவற்றில் சேரா. அடிப்படிக்கும் உச்சிப்படிக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே முக்கால் மடங்குதான். முதற்படியிலேயே நின்று 19 ஆண்டு உயர்வுகளைப் பெற்றவரும் இதே ரூ.78,800ஐத் தொட்டுவிடுவார்.

பத்தாண்டுப் பணியை முடித்த ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்குச் சுமார் 3 சதவீத உயர்வில் அவரது ஊதியம் ரூ.60,400 ஆகியிருக்கும். பதவி உயர்வு கிடைக்காதவர்களுக்கு 10, 20, 30 ஆண்டுகளில் அளிக்கப்படும் நிதி மேம்பாட்டினால் அவர் அடுத்த நிலைக்கு, அதாவது ரூ.62,200க்கு, வருகிறார். பணி மாறுவதில்லை, ஊதியம் ரூ.1,800 கூடுகிறது. சில ஆண்டுகள் கழித்து உண்மையாகவே முதுநிலைச் செவிலிய அலுவலராகி, வார்டின் பொறுப்பு, மருந்திருப்பு, இளையோரின் பணிமுறை, உறவினரின் புகார் அனைத்தையும் அவர் ஏற்கிறார். அந்நிலையின் பயனை முன்னரே பெற்றுவிட்டார் என்பதால் அன்று அவருக்கு ஊதிய நிர்ணயம் இல்லை. கணக்கியல் விதிப்படி இது சரியே. வார்டை நடத்துகிறவருக்கு அவ்வாறு தோன்றாது.

சிறப்புத் திறனுக்கும் இதே கதி. 2017இல் செவிலியர் படி மாதம் ரூ.7,200 ஆக உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கதே. அப்போதே நிர்ணயிக்கப்பட்ட அறுவை அரங்குப் படியோ மாதம் ரூ.540, நாளொன்றுக்குப் பதினெட்டு ரூபாய்! தீவிர சிகிச்சைக்கெனப் பட்டமேற்படிப்பு ஒன்றை இந்தியச் செவிலியர் குழுமம் வகுத்துள்ளது. மேற்கூறிய ஆறு படிகளில் அதற்கென ஒரு படியும் இல்லை. உயர விரும்பும் தேர்ந்த செவிலியர் நோயாளியின் படுக்கையை விட்டுக் கண்காணிப்பாளரின் மேசைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

தனியார் துறையின் நிலை வேறு. உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு ஆணையைத் தொடர்ந்து அமைந்த குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியத்தையும், 50க்குக் குறைந்தவற்றில் மாதம் குறைந்தது ரூ.20,000ஐயும் பரிந்துரைத்தது. கேரளம் 2018இல் குறைந்தபட்ச ஊதியத்தைச் சட்டப்படி அறிவித்தது. எனினும், சிறு மருத்துவமனைகளுக்குக் கூறப்பட்ட அந்த ஒற்றைத் தொகையில், நேற்றுச் சேர்ந்தவருக்கும் பத்தாண்டு அனுபவமுள்ளவருக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை.

8ஆவது ஊதியக் குழு 2025இல் அமைக்கப்பட்டது. வார்டுப் பொறுப்பை ஏற்கும் நாளில், முன்னர் நிதி மேம்பாடு பெற்றிருப்பினும், ஓர் ஆண்டு உயர்வேனும் தனியே வழங்கப்படுவது பொருத்தம். நோயாளியின் அருகிலிருந்தே உயரத்தக்க சிறப்புச் செவிலியர் நிலைகளும் வேண்டும். செலவு பெருகும் என்பது எதிர்பார்க்கத்தக்க மறுப்பு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அச்செலவு, அடிப்படை ஊதியத்தில், மாதம் ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய்.